நாலாம் நம்பர் பெட்டியும் சின்னச்சாமியும்

ஜூலை 8, திங்கள்

காலை பிரஷர் 150/96. டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். "என்ன சாப்பிட்டீங்க, எதுக்குக் கோவப்பட்டீங்க, எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். கோபப்பட்டதையெல்லாம் எழுதினால் நோட்டு பத்தாதுங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் படிக்கப்போகும் நோட்டு என்பதால் என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டியில் ஆபீஸ். ரத்த வங்கிகளில் ரத்தப் பைகள் வைக்கும் குளிர்ப்பெட்டிகளைக் கவனிக்கும் மென்பொருள் எங்களுடையது. பெட்டிக்குள் இரண்டு டிகிரியிலிருந்து ஆறு டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் எங்கள் டியூட்டி போன் அலறும். டெல்பின், இர்ஷாத், நாச்சிமுத்து மூன்று பேரும் வாரம் ஒருவராக அந்தப் போனை இரவும் பகலும் வைத்திருப்பார்கள். புரோகிராம் எழுதுவதும் அவர்கள்தான். நான் எழுதுவதில்லை. முன்பு சோதித்துப் பார்க்கும் வேலை, ஐந்து வருடமாக ஸ்க்ரம் மாஸ்டர். டீமைக் கூட்டி வைத்துப் பேசவைப்பதுதான் வேலை என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், "அதுக்கு சம்பளமா" என்கிறார்.

அதிலும் ரெட்ரோ என்று ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது, எதை மாற்றலாம் என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பேசுவது. ஆரம்பிக்கும் முன் நான் ஒரு வாசகம் படிப்பேன்: "இங்கே யாரையும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள மட்டுமே உட்கார்ந்திருக்கிறோம்." பள்ளிக்கூடத்து உறுதிமொழி மாதிரி ஐந்து வருடமாகப் படிக்கிறேன். பாதியிலேயே இர்ஷாத் பப்ஸ் கவரைப் பிரித்துவிடுவான். எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது.

இன்று கோபப்பட்டது: ஒரே ஒரு முறை. சாப்பாட்டு நேரத்தில் டியூட்டி போன் அடித்தது. இந்த வாரம் டெல்பின் முறை. அவள் கைக்குழந்தைக்காரி, பிரசவ விடுப்பு முடிந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. ஒரு மணிக்கு மாடி அறைக்குப் போய்ப் பால் எடுத்து வைத்துவிட்டு வருவாள். சொல்லிக்கொண்டு போகக் கூச்சம். போனை மேசையில் வைத்துவிட்டு நைசாக நழுவிவிடுவாள். மற்ற இருவரும் கேன்டீனில். டப்பாவை மூடிவிட்டு நான் எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மெக்கானிக்.

"மேடம், நாலாம் நம்பர் பெட்டிக்குக் கதவு ரப்பர் மாத்தறனுங்க. பையெல்லாம் பக்கத்துப் பெட்டிக்கு மாத்தியாச்சு. கதவு தொறந்தேதான் கெடக்கும், உங்க சிஸ்டம் கத்தும். தூங்கப் போட்ருங்க. பெட்டியோட சொந்த மணியும் போயிருச்சுங்க, பார்ட்டு வரோணும்."

தூங்கப் போடுவது என்றால், அந்தப் பெட்டியின் எச்சரிக்கையை நிறுத்தி வைப்பது. சுவர் டிவியில் பச்சையாக இருக்கும் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். எல்லோருக்கும் ஒரே லாகின்தான், பெயர் சின்னச்சாமி. ஆரம்ப நாளில் இர்ஷாத் வைத்த பெயர். அப்படி ஓர் ஆளே கிடையாது. எது கெட்டுப்போனாலும் "சின்னச்சாமி பண்ணிட்டான்" என்று சிரித்துக்கொள்வோம். நானும் சின்னச்சாமியாக உள்ளே போய்ப் பெட்டியைத் தூங்கப் போட்டேன். டெல்பின் வந்ததும் சொல்ல வேண்டும்.

ரசம் ஆறிப்போயிருந்தது. இரவு கோதுமை தோசை. உப்பு இல்லாத சட்னி.

ஜூலை 9, செவ்வாய்

148/94. மாத்திரை போட்டேன். ஆனிக் காற்றுக்கு இரண்டு துண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் பறந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

பிரஷர் பார்க்கவில்லை.

காலை ஏழு மணிக்கு நாச்சிமுத்து கூப்பிட்டார். சாதாரணமாகக் கூப்பிடுகிறவர் இல்லை அவர். ஐம்பத்திரண்டு வயது, சர்வரெல்லாம் அவர் பொறுப்பு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"நாலாம் நம்பர் பெட்டி ராத்திரி நின்னுருக்குதுங்க. காலைல தொறந்தா பதினேழு டிகிரி. போன் அடிக்கலீங்க."

நாற்பத்தொரு பை ரத்தம். அவ்வளவையும் கழித்துவிட வேண்டும். ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பெண் குழந்தையைத் திருப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

டெல்பின் கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ராத்திரி பூரா முழிச்சுட்டுதாங்க்கா இருந்தேன். பாப்பா தூங்கவே இல்ல. போன் பக்கத்துலயே இருந்துச்சு. ஒரு சத்தம் வரல." இதையே நான்கைந்து தடவை சொன்னாள்.

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வெயில் இல்லாத நாள்.

ஜூலை 12, வெள்ளி

இர்ஷாத் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துவிட்டான். ஒரே ஒரு வரி. "திங்கள், பகல் 1.12. பெட்டி 4, உறக்கம். சின்னச்சாமி." அதற்குப் பிறகு யாரும் எழுப்பவில்லை. மூன்று நாளாக அந்தப் பெட்டி என்ன கத்தினாலும் எங்கள் காதில் விழாதபடி இருந்திருக்கிறது.

மேனேஜர் கோகுல்நாத் சென்னைக்காரர். குரலை உயர்த்தமாட்டார். டியூட்டி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை போன் யார்கிட்ட?" என்று கேட்டார். டெல்பின் கையைத் தூக்கினாள். "ஒண்ணு பன்னெண்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?" டெல்பின் தலையைக் குனிந்துகொண்டாள். மாடி அறையில் பால் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று மூன்று ஆண்கள் நடுவில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அறிக்கை போக வேண்டும். யாரால் நடந்தது என்று அவர்கள் பெயர் கேட்கிறார்களாம். டெல்பினுக்குப் புரொபேஷன் இன்னும் முடியவில்லை. விடுப்பில் போனதால் நீட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் போனால் வேலையும் போகும். அவள் வீட்டுக்காரர் வேலை போய் நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறார்.

திங்கள் மதியம் நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

154/98. வடாம் பொரித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, சனி

மன்னிப்புக் கேட்டுவிட்டு வர என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் கோகுல்நாத். பெரியவர் யாராவது போனால் நன்றாக இருக்குமாம். நாற்பத்து மூன்று வயதில் பெரியவராகிவிட்டேன்.

ஐந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ரத்த வங்கிக்குள் இன்றுதான் முதல் தடவை கால் வைத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கே மரகதவல்லி என்று டெக்னீசியன். ஒல்லியான அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்றார்.

நாலாம் நம்பர் பெட்டி கதவு திறந்தபடி காலியாக இருந்தது. பக்கத்தில் கழிவு போடும் மஞ்சள் கவர்கள். கட்டியாயிற்று, வண்டி வரவில்லை. கவர் வழியாகப் பைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள். குரூப், தேதி, கொடுத்தவரின் எண்.

"இதுல ஓ நெகட்டிவ் ஆறுங்க. அதுல ஒருத்தர் பொள்ளாச்சில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து குடுத்தாரு. வேர்க்கடலை மிட்டாய் குடுத்தா, சுகருங்கன்னு வாங்கமாட்டாரு. அடுத்த தடவ வந்தா என்னான்னு சொல்றது?"

பக்கத்து அறையில் ஒரு கல்லூரிப் பெண் படுத்துக்கொண்டு ரப்பர் பந்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். குழாய் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்க்கிறீர்களா என்று மரகதவல்லி கேட்டார். நிறைந்துகொண்டிருந்த பையின் மேல் விரல் வைத்தேன். சூடாக இருந்தது. உடம்புச் சூடு. எனக்குச் சிலிர்த்துவிட்டது. யாருக்குப் போகிறது என்றே தெரியாமல் ஓர் ஆள் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் எனக்கு அது டிவியில் ஒரு பச்சைக் கட்டம். இது என்ன மாதிரி வேலை என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். நானும் யாரையும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "வியாழக்கிழம நாங்க எல்லாம் உக்காந்து இதப் பத்திப் பேசறோங்க. நீங்களும் வாங்களேன்" என்று சொல்லிவைத்தேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. ஆள் அதிகமாக இருந்தால் பேச்சு நாலா பக்கமும் போகும் என்று தோன்றியிருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியும்.

ஜூலை 15, திங்கள்

கைகழுவும் இடத்தில் டெல்பின் நின்றுகொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நாந்தான் பண்ணிட்டு மறந்துட்டேனோ?"

"என்ன உளர்ற நீ?"

"இல்லக்கா. பாப்பா பொறந்ததுல இருந்து தூக்கமே இல்ல. போன வாரம் அடுப்பப் பத்த வெச்சுட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சே போச்சு, எனக்கு ஞாபகமே இல்ல. இதுவும் அப்பிடித்தான் இருக்கும். மாடிக்குப் போற அவசரத்துல போன எடுத்துத் தூங்கப் போட்டுட்டுப் போயிருப்பேன். வேற யாருக்கா பண்ணிருப்பாங்க? எங்கிட்டதானே போனு."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த இடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் சொன்னது: "விடு கண்ணு. யார் பண்ணுனா என்ன."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையில் குழந்தைப் பவுடர் வாசம்.

160/100. டாக்டர், இதைப் படிக்கும்போது நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும்.

ஜூலை 16, செவ்வாய்

வியாழக்கிழமை ரெட்ரோவை நான்தான் நடத்த வேண்டும். கோகுல்நாத்தும் உட்காரப் போகிறாராம். "ஒரு க்ளியர் பிக்சர் வந்துடணும் சௌடேஸ்வரி. யார் மேலயும் கோவம் இல்ல, ஆனா பேர் வேணும்" என்றார்.

மஞ்சள் சீட்டு தீர்ந்துவிட்டதா என்று பார்க்க டிராயரைத் திறந்தேன். அடியில் ஒரு பழைய கவர் கிடந்தது. மேலே என் கையெழுத்தில் "அப்புறம் பார்க்கலாம்". ரெட்ரோவில் நேரம் போதாமல் போனால் மிச்சச் சீட்டுகளை அந்தக் கவரில் போட்டுவைப்பேன். போட்டதோடு சரி. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. இன்று கவிழ்த்தேன். எண்ணிக்கை எடுக்கவில்லை, ஒரு கைப்பிடி இருக்கும். "புது ஆளுக்கு யாராவது சொல்லித் தரலாமே." "ஏசி தண்ணி சர்வர் மேல சொட்டுது." அதற்கு நடுவில் உருண்டையான எழுத்து, டெல்பினுடையது, போன வருடம் மார்ச் மாதத் தேதி: "தூங்கப் போட்டால் எப்போது எழுந்திருக்கும்? யார் போட்டது என்று எப்படித் தெரியும்?"

அன்றைக்கு நேரம் போதாமல் போனதற்குக் காரணம்கூட ஞாபகம் வந்தது. கேக் வெட்டினோம்.

ஜூலை 17, புதன்

முஹர்ரம் விடுமுறை. ஆடி ஒன்றும் இன்றுதான். ஒப்புட்டு, அதாவது போளி, செய்தேன், பருப்பு குழைந்துவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு சாப்பிட்டுவிட்டு, "என்ன, ஒரு வாரமா யாரையும் திட்டவே காணோம்" என்றார். உடம்பு சரியில்லை என்றேன்.

ஜூலை 18, வியாழன்

இதை முழுதாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு இது எனக்கே நம்பும்படி இருக்காது.

பத்தரை மணி. சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி, திங்களிலிருந்து வியாழன் வரை கோடு போட்டிருந்தேன். அந்த நாட்களில் அவரவர் என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று சீட்டில் எழுதி, நேரம் பார்த்து ஒட்ட வேண்டும். நாங்கள் நால்வர், கோகுல்நாத், மரகதவல்லி. அந்த அம்மாள் டியூட்டி முடிந்து நேராக இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தார். பப்ஸ் வாங்கியிருந்தேன். யாரும் தொடவில்லை.

வாசகத்தைப் படித்தேன். "இங்கே யாரையும் கூண்டில் ஏற்றப் போவதில்லை." அடுத்த வரிக்குப் போகாமல் நின்றுவிட்டேன். இருமுவது போல் சமாளித்தேன்.

சீட்டுகள் ஏறின. மெக்கானிக் வந்தது, ரப்பர் மாற்றியது, பெட்டி நின்றது. திங்கள் 1.12 என்று நானே குறித்த இடம் மட்டும் காலியாக இருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேயே போய் நின்றது.

முதலில் எழுந்தது மரகதவல்லி. எழுந்திருக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. விருந்தாளி. பறிகொடுத்தவர்கள் அவர்கள்தான்.

"நான் ஒண்ணு சொல்லோணுங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நாங்க நேர்ல பெட்டியப் பாத்து டிகிரிய எழுதோணும். அது சட்டம். உங்க சிஸ்டம் வந்ததுல இருந்து, அதான் பாத்துக்குதேன்னு விட்டுட்டோமுங்க. காலைல மொத்தமா நாலு நாலுன்னு போட்டு வெச்சுருவோம். புதங்கெழம ராத்திரி டியூட்டி எனக்குத்தான். ரெண்டு மணிக்குன்னு நாலு டிகிரி எழுதிருக்கறன். நான் போய்ப் பாக்கலீங்க."

ஒரு சீட்டை எடுத்து அதையே எழுதி, வியாழன் அதிகாலை இரண்டு மணிக்கு நேராக ஒட்டினார். ஒட்டியபிறகு நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டார், விழுந்துவிடக் கூடாது என்பது போல. பதினெட்டு வருட சர்வீஸ் என்று சனிக்கிழமை சொன்னவர். இது வெளியே போனால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அல்ல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கால் தரிக்கவில்லை.

அப்புறம் இர்ஷாத். எப்போதும் கிண்டல் அடிக்கிறவன் முகத்தில் ஈயாடவில்லை. "செவ்வாய்க்கெழம டிவில சாம்பல் கட்டத்தப் பாத்தேன். 'சின்னச்சாமி இன்னுமா தூங்கறான்'னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டுப் போயிட்டேன். போய்க் கேட்டுருந்தா ஒரு நிமிஷ வேலை."

ஆமாம், சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை அன்றைய பக்கத்தில் நான் எழுதவில்லை.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார். இந்த ஐந்து வருடத்தில் ரெட்ரோவில் அவர் வாயைத் திறந்ததே கிடையாது. வெறும் சீட்டை ஒட்டிவிட்டுப் போவார்.

"புதங்கெழம சாயந்தரம் எழுப்புற பட்டன் வரைக்கும் போயிட்டனுங்க. மவுஸ் அது மேல நின்னுச்சு. மெக்கானிக்கு இன்னும் வேல பாத்துட்டு இருப்பானோ, அடுத்தவங்க டியூட்டில நாம எதுக்குக் கை வெக்கறதுன்னு விட்டுட்டன். பஸ்ஸுக்கு நேரமாச்சு." மேசையைப் பார்த்தபடி, "ஒரு அழுத்து அழுத்திருந்தா நாப்பத்தோரு பையும் இருந்திருக்குமுங்க. எட்டு நாளா அந்த மவுஸுதான் கண்ணுல நிக்குது" என்றார்.

கோகுல்நாத் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். நான் அப்படியே பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருடமாக நான் மனப்பாடமாக ஒப்பித்த வாசகத்தை இவர்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யாருமே கேட்காத ஒன்றை, ஒளித்துவைத்தால் யாருக்கும் தெரியவே போகாத ஒன்றை, ஒவ்வொருவராக எடுத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். அந்த அறையில் அதை நம்பாதவள் அதைப் படித்தவள் ஒருத்திதான்.

அப்போது டெல்பின் சீட்டை எடுத்தாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. "திங்கள் 1.12. நான்." எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தாள். அந்தக் காலி இடத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள்.

நான் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது என்ற எடம், டெல்பின். என்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். காலையில் எதற்கு எடுத்துவைத்தேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. எடுத்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். முதல் பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே சத்தமாகப் படித்தேன். பிரஷர் 150/96 என்பதிலிருந்து. மெக்கானிக் கூப்பிட்டது, நான் எடுத்தது, சின்னச்சாமியாக உள்ளே போனது, "டெல்பின் வந்ததும் சொல்ல வேண்டும்." கைக்குழந்தை விஷயத்தை மட்டும் தாண்டிப் படித்தேன்.

"சொல்லல. மறந்துட்டேன். அது திங்கக்கெழம. வியாழக்கெழம காலைல ஞாபகம் வந்துருச்சு. அதுக்கப்பறம் மறக்கல. சொல்லல" என்றேன்.

டெல்பின் என்னையே பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தாள்.

"கைகழுவற எடத்துல நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நான் பைத்தியம் ஆயிட்டேனோன்னு நெனச்சேங்க்கா. வீட்டுல அடுப்புப் பக்கம் போகவே பயந்துட்டு இருந்தேன். பாப்பாவத் தூக்கறதுக்கே பயம்."

கையிலிருந்த சீட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

என் வேலை முடிந்தது, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். நாச்சிமுத்து என் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க சீட்ட எழுதி ஒட்டுங்க. இன்னும் வேல இருக்குது" என்றார். எழுதினேன். அவரே பசையில்லாத மூலையை டேப் போட்டு ஒட்டினார். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

இருபது நிமிடம் கழித்து டெல்பின் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அவள் வருவாள் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் சுவர் முழுக்கப் படித்தாள், மரகதவல்லியின் சீட்டு முதல் என் சீட்டு வரை. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஒரு மணிக்கு நான் மாடில பால் எடுத்துட்டு இருந்தேன். தெனமும் போவேன். சொல்லிட்டுப் போகாதது என் தப்பு. இனிமே போன ஒருத்தர் கைல குடுத்துட்டுத்தான் போவேன். அப்பறம், தூங்கப் போட்டா ரெண்டு மணி நேரத்துல அதுவே எந்திரிக்கணும். போட்டவங்க பேர் இருக்கணும்."

நான் கவரிலிருந்த அவளுடைய பழைய சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இதையே நீ பதினாறு மாசத்துக்கு முன்னால எழுதிக் குடுத்த. நாந்தான் எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

படித்தாள். சீட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். இர்ஷாத் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். மரகதவல்லி, "ரெண்டு மணி நேரம் எதுக்குங்க, ரப்பர் மாத்த முக்கா மணிதான் ஆவும்" என்றார். ஒன்றரை மணி வரை பேசினார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்திருந்தால் ஐந்து வருடமாக அந்த வாசகத்தை வேறு மாதிரி படித்திருப்பேன்.

பப்ஸை மரகதவல்லி பஸ்ஸுக்குக் கட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 19, வெள்ளி

138/88. மெஷினில் கோளாறு என்று மறுபடி பார்த்தேன். அதேதான்.

அறிக்கை போய்விட்டது. பெயருக்குப் பதிலாகச் சுவரில் இருந்த அத்தனையும் வரிசையாகப் போயிருக்கிறது, ஆறு பக்கம். ஆஸ்பத்திரியும் தங்கள் பக்கத்தை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மரகதவல்லிக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. போன் செய்தேன், "ரவுண்ட்ஸுல இருக்கறனுங்க, நாலாம் நம்பர் நாலு டிகிரி, கண்ணால பாத்துட்டேன்" என்றார்.

கோகுல்நாத் எனக்கு மெமோ கொடுத்தார். "திங்கக்கிழமைக்கு இது இல்ல சௌடேஸ்வரி. வியாழக்கிழமைல இருந்து வியாழக்கிழமை வரைக்கும்." சரியாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ரெட்ரோ நடத்துவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அதை டீமைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நாச்சிமுத்துவிடம் கேட்டேன். "அந்தக் கவர்ல இருக்கற சீட்டெல்லாம் யாரு பாக்கறதுங்க?" என்றார்.

டெல்பின் பேசவில்லை.

ஜூலை 22, திங்கள்

சின்னச்சாமி லாகினை எடுத்துவிட்டார்கள். இனி அவரவர் பெயர்தான். இர்ஷாத் கறுப்பு பார்டர் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். வயது ஐந்து என்று போட்டிருந்தான். டெல்பின் சிரித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 24, புதன்

டெல்பின் பேசவில்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் மட்டும். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

மருந்துக் கடையில் மாத்திரை இல்லை, நாளைக்கு வரும் என்றார்கள்.

ஜூலை 27, சனி

ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கலாம் என்று போனேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மரகதவல்லி திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மெமோவோடு தப்பித்தாராம். பொள்ளாச்சிக்காரர் வந்தாராம். அவரிடம் இவர் நடந்ததை அப்படியே சொன்னாராம். "கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியப் பாத்துட்டு நின்னாரு. அப்பறம் 'நான் மறுபடி எப்பக் குடுக்கலாம்'னு தேதி கேட்டாரு." சொல்லும்போது மரகதவல்லி கண்ணாடியை இறக்கித் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், என்னிடம் கண்ணாடி இல்லை.

ஜூலை 29, திங்கள்

134/86.

சுற்று முடிந்து டியூட்டி மறுபடி டெல்பினுக்கு வந்திருக்கிறது. காலையிலிருந்தே எனக்கு மணியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு மணி வரும், அவள் எழுந்திருப்பாள், யாரிடமாவது போனைக் கொடுப்பாள். இர்ஷாத் இருக்கிறான், நாச்சிமுத்து இருக்கிறார். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு எழுந்தாள். இர்ஷாத் மேசையைத் தாண்டினாள். நாச்சிமுத்து தாமாகவே கையை நீட்டினார், அவரையும் தாண்டினாள். என் மேசைக்கு வந்து போனை என் கையில் வைத்தாள். மேசை மேல் அல்ல, கையில்.

"அக்கா, மாடிக்குப் போறேன். போன் உங்ககிட்ட."

இந்தப் பதினொரு நாளில் அவளாக என்னிடம் பேசியது அதுதான். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போய்விட்டாள். போன் அவள் கைச்சூட்டோடு இருந்தது. அன்றைக்கு அந்தப் பையைத் தொட்டபோது இருந்த மாதிரியே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1.09க்கு அடித்தது. இரண்டாம் நம்பர் பெட்டி, உள்ளே சுத்தம் செய்கிறார்கள், கொஞ்சம் தூங்கப் போட முடியுமா என்றார்கள். என் பெயரில் உள்ளே போனேன். எப்போது எழுப்ப வேண்டும் என்று அது கேட்டது. 1.50 என்று போட்டேன். டிவியில் கட்டம் சாம்பலானது. கீழே சின்ன எழுத்தில்: சௌடேஸ்வரி, 1.50 வரை.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். டெல்பின் படியிறங்கி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்கே போய்விட்டேன்.

"ரெண்டாம் நம்பர தூங்கப் போட்டுருக்கேன் டெல்பின். ஒண்ணு அம்பது வரைக்கும்."

"சரிங்க்கா" என்று போனை வாங்கிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி, "சாப்டீங்களா?" என்றாள்.

இனிமேல்தான் என்றேன். அவளும் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். 1.50க்குக் கட்டம் பச்சையாகும் வரை இருவரும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்.